வாசலில் செய்த சத்தியம்

கட்டட வேலைக்காரர்கள் அவனுக்கு வைத்த பெயர் ரேடியோ. பெற்றவர்கள் வைத்த பெயர் ஞானஸ்நானப் பதிவேட்டில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அதை எழுப்புவார் யாரும் இல்லை. மனைவிகூடக் கோபம் வந்தால், "இந்த ரேடியோவைக் கொஞ்சம் அணைச்சு வைக்கக் கூடாதா?" என்றுதான் கேட்பாள். வாய் ஓயாது அவனுக்கு. பரணிலிருந்து பெட்டியை இறக்கினாலும், தோளிலிருந்து குழந்தையை இறக்கினாலும், "இறக்கு, இறக்கு, மெதுவா, இறக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டுதான் இறக்குவான். தொழில் அப்படி.

பெரிய கட்டடங்களில் கிரேனுக்குச் சிக்னல் கொடுப்பவன் அவன். கிரேனின் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டருக்குக் கீழே நடப்பது பாதிதான் தெரியும். சுவருக்குப் பின்னால் இறக்க வேண்டிய சுமை என்றால் சுத்தமாகத் தெரியாது. அப்போது கீழே ஒருவன் வாக்கிடாக்கியோடு நின்று அவருக்குக் கண்ணாக இருக்க வேண்டும். அதற்குக் கண்டிப்பான ஒரு முறை உண்டு. சுமை தரையைத் தொடும் வரை அவன் "இறக்கு, இறக்கு" என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். குரல் வரும்வரை மேலே இருப்பவர் இறக்குவார். குரல் நின்றால் அந்தரத்திலேயே நிறுத்திவிடுவார், ஏன் எதற்கு என்று கேட்க மாட்டார். "நிறுத்து" என்ற சொல் யார் வாயிலிருந்து வந்தாலும் நிறுத்துவார். ஆனால் "இறக்கு" என்பதை மட்டும் ஒரே ஒரு வாய்தான் சொல்லலாம்.

அந்த ஒரு வாயாக அவனை ஆக்கியவர் கிரேன்காரர். அதற்கு முன்னால் ரேடியோ லாரி கிளீனர். ஒரு நாள் சந்து போலிருந்த வழியில் மணல் லாரியைப் பின்னால் எடுக்க, "வரலாம், வரலாம், இடது ஒடி, வரலாம்" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். மேலே கூண்டிலிருந்த கிரேன்காரர் சாப்பிட இறங்கி வந்தவர், சாப்பாட்டை மறந்து நின்று கேட்டார். "உன் குரலைக் கேட்டா கண்ணை மூடிட்டு வண்டி ஓட்டலாம் போலிருக்கேப்பா. என்கூட வர்றியா?" என்றார். லாரியை நட்டநடுச் சந்தில் விட்டுவிட்டுப் போய்விட்டான். அந்த லாரி டிரைவர் அவனை இன்றுவரை மன்னிக்கவில்லை.

பன்னிரண்டு வருடம் இருவரும் எந்தக் கட்டடமானாலும் ஒன்றாகத்தான் வேலை பார்த்தார்கள். கிரேன்காரர் எங்கே போனாலும் "என் சிக்னல் வந்தா நானும் வர்றேன்" என்பார். ரேடியோவுக்கு அவர் அண்ணன், அவர் மனைவி அண்ணி. அவன் மகளின் ஞானஸ்நானத்துக்குக் கவுன் தைத்துக் கொடுத்ததுகூட அண்ணிதான்.

அப்படிப்பட்ட மனிதரைத்தான் ரேடியோ கைவிட்டான். அந்தக் கதையைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. சுவருக்குப் பின்னால் ஒரு கம்பிக்கட்டு இறங்கிக்கொண்டிருந்தது. கீழே கொக்கியைக் கழற்றக் கம்பிக்காரர் ஒருவர் காத்து நின்றார். அந்த நேரம் பார்த்து கேட் பக்கம் ஒரே கூச்சல்: ஒரு லாரி டிரைவரும் வாட்ச்மேனும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ரேடியோவின் தலை திரும்பியது. வாய் திரும்பவில்லை. பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் அது தன் பாட்டுக்கு "இறக்கு, இறக்கு, இறக்கு" என்று ஓடிக்கொண்டே இருந்தது. வேறு தொழில்காரன் வேடிக்கை பார்த்தால் வேலை நிற்கும், அவ்வளவுதான். இவன் வேடிக்கை பார்த்தபோது வேலை நிற்காமல் நடந்தது. கம்பிக்கட்டு செங்கல் அடுக்கில் மோதிச் சரிந்து, கம்பிக்காரரின் இடது காலைப் பிடித்துக்கொண்டது. அவர் அலறிய பிறகுதான் ரேடியோ "நிறுத்து! நிறுத்து!" என்று கத்தினான்.

இந்தப் "பிறகுதான்" என்பதைத்தான் அவன் பின்னால் விழுங்கிவிட்டான்.

சைட் என்ஜினீயர் மூச்சிரைக்க ஓடி வந்து, அவன் தோளைப் பிடித்து உலுக்கி, "நிறுத்துன்னு சொன்னியா இல்லையா?" என்று கேட்டார். "சொன்னேன் சார்" என்றான். பொய்யா? சொன்னான்தானே! அடுத்த நாள் பாதுகாப்பு அதிகாரி காகிதத்தை நீட்டினார். "சுமை மோதுவதற்கு முன்பே இரண்டு முறை நிறுத்தச் சொன்னேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். வேலை போய்விடும், வாடகை வீடு, ஒன்றாம் வகுப்பில் மகள் என்று ஆயிரம் நியாயங்கள் மனதுக்குள் வரிசை கட்டி நின்றன.

கிரேன்காரர் விசாரணையில் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்: "எனக்கு இறக்குன்னுதான் கேட்டுச்சு." காதில் கோளாறு என்று சந்தேகப்பட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். காது கனகச்சிதமாக இருந்தது. அதனால் கவனக்குறைவு என்று முடிவு செய்தார்கள். "நிறுத்தச் சொல்லியும் நிறுத்தவில்லை" என்று அவருடைய பதிவு அட்டையில் குறிப்பு எழுதி, பதினெட்டு மாதம் கிரேன் பக்கமே போகக் கூடாது என்றார்கள். அவர் டயர் கடையில் பஞ்சர் ஒட்டப் போனார். ரேடியோவுக்கு மட்டும், சமயோசிதமாகக் குரல் கொடுத்தான் என்று மூத்த சிக்னல்காரன் பதவியும் புது நிற ஹெல்மெட்டும் வந்தன.

அந்த முடிவு வந்த எட்டாம் நாள் காலையில் அண்ணி அவன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. வேகமாக நடந்து வந்ததில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"தம்பி, நான் சண்டைக்கு வரலை. அவர் ஒண்ணு சொல்றார், காகிதத்துல வேற ஒண்ணு இருக்கு. நீங்க முன்னாடியே நிறுத்தச் சொன்னீங்களா? எனக்கு அது மட்டும் தெரியணும்."

"சொன்னேன் அண்ணி."

"சத்தியமா?"

பக்கத்தில் மகள் பல் தேய்த்துக்கொண்டு நின்றாள், வாயெல்லாம் நுரை. யாரும் அவளைப் பற்றிப் பேசவில்லை. யாரும் அவள்மேல் சத்தியம் கேட்கவும் இல்லை. ரேடியோவின் கை தானாகப் போய் அந்தச் சின்னத் தலையில் உட்கார்ந்தது. "இவ தலையில அடிச்சுச் சத்தியம் அண்ணி. முன்னாடியே சொன்னேன்."

அண்ணி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. குழந்தையையே பார்த்தாள். பிறகு திரும்பி நடந்தாள். சேவல் ஒன்றும் கூவவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ தண்ணீர் மோட்டாரைப் போட்டார்கள், அவ்வளவுதான். ரேடியோ உள்ளே போய்ச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினான்.

அன்று தொலைந்தது அவன் நிம்மதி. நினைத்துக்கொண்டால் மகளைக் கூப்பிட்டு நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்ப்பான். அவள் தும்மினால் இவனுக்குத் தூக்கிவாரிப் போடும். பள்ளியிலிருந்து ஐந்து நிமிடம் தாமதமாக வந்தால் தெருமுனையில் போய் நிற்பான். ஒரு முறை அவளுக்குச் சாதாரணக் காய்ச்சல் வந்தபோது மூன்று டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினான். மூன்றாவது டாக்டர், "குழந்தைக்கு ஒண்ணுமில்லைங்க, நீங்கதான் கொஞ்சம் ஓய்வெடுக்கணும்" என்று அனுப்பிவைத்தார். "அப்பா, என் நெத்தி தேஞ்சு போச்சு" என்று மகள் தலையைத் தட்டிவிடுவாள். மனைவிக்குக் காரணம் தெரியாது. ஒரே பிள்ளை, அதான் இந்தப் பாடு படுத்துகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

கால் அடிபட்ட கம்பிக்காரருக்கு இரண்டு விரல் போய்விட்டது. கம்பெனி அவரை ஸ்டோரில் உட்கார வைத்தது. அவர் கொடுத்த வேதனைதான் பெரிது. ரேடியோவை எங்கே பார்த்தாலும் கையைப் பிடித்துக்கொள்வார். "நீ மட்டும் அன்னைக்கு நிறுத்துன்னு கத்தலைன்னா முழுக் காலும் போயிருக்கும். உன்னை மறக்க மாட்டேன்பா." ஸ்டோருக்குப் போக வேண்டியிருந்தால் ரேடியோ வேறு ஆளை அனுப்ப ஆரம்பித்தான்.

பதினெட்டு மாதம் முடிகிற சமயத்தில் ஒரு சனிக்கிழமை. மனைவி சபையில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவள். மேசை நிறைய அட்டை, பசை, வண்ணப் பென்சில். மகள் ஓர் அட்டைச் சேவலுக்குக் கொண்டை வரைந்துகொண்டிருந்தாள். சேவலைப் பார்த்ததுமே ரேடியோவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போகப் பார்த்தான்.

"எங்க கிளம்பிட்டீங்க? உட்காருங்க, நான் பாடம் சொல்லிப் பார்க்கணும். நீங்கதான் பிள்ளைங்க" என்றாள் மனைவி.

உட்கார்ந்தான். அவள் பேதுருவின் கதையைச் சொன்னாள். ஆண்டவரைப் பிடித்துக்கொண்டு போனபோது பின்னாலேயே போனவன், முற்றத்தில் நெருப்பருகே குளிர் காய்ந்துகொண்டே, அந்த மனிதரை எனக்குத் தெரியாது என்று மூன்று முறை சொன்னவன்.

"யாருக்கு பயந்தும்மா அப்படிச் சொன்னாரு? ராஜாவுக்கா?" என்று மகள் கேட்டாள்.

"இல்லடி. முதல்ல கேட்டது ஒரு வேலைக்காரப் பொண்ணு."

"ஐயே, ஒரு அக்காவுக்கா பயந்தாரு!" மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். ரேடியோவுக்கு வியர்த்தது.

"மூணாவது தடவை சத்தியமே பண்ணிட்டாரு. அப்புறம் சேவல் கூவிச்சு. ஆண்டவர் திரும்பிப் பார்த்தார். பேதுரு வெளியே போய் அழுதாரு."

பேதுரு சத்தியம் பண்ணினாலும் தன் பெயரில்தான் பண்ணியிருப்பான், பெற்ற பிள்ளையை இழுத்திருக்க மாட்டான் என்று ரேடியோ நினைத்தான். பேதுரு வெளியே போய் அழுதான், நான் உள்ளே போய்ச் சாப்பிட்டேன். பேதுருமேல் அவனுக்குப் பொறாமையாக இருந்தது.

மனைவி அட்டையில் மீன்களை ஒட்டிக்கொண்டே மேலே போனாள். உயிர்த்தெழுந்த ஆண்டவர் ஏரிக்கரையில் மீன் சுட்டு, வந்து சாப்பிடுங்கள் என்று கூப்பிடுகிறார். "ஏண்டா என்னைத் தெரியாதுன்னு சொன்னேன்னு ஒரு வார்த்தை கேட்கலை பாருங்க. என்மேல அன்பா இருக்கியான்னுதான் மூணு தடவை கேட்டார். கேட்டுட்டு, என் ஆடுகளைப் பார்த்துக்கன்னு வேலையும் குடுத்தார்."

"கேட்டிருக்கணும்" என்றான் ரேடியோ.

"எதை?"

"ஏன் அப்படிச் சொன்னேன்னு. கேட்டு ரெண்டு அறை விட்டிருக்கணும். அவனும் நிம்மதியா இருந்திருப்பான்." எழுந்து வெளியே போய்விட்டான். பிள்ளையாக உட்கார்ந்தவர் இப்படிப் பாதி வகுப்பில் எழுந்து போகலாமா என்று மனைவி பின்னாலிருந்து கேட்டது காதில் விழுந்தது.

திங்கட்கிழமை கிரேன்காரர் வேலைக்குத் திரும்பினார். புதிதாக எழும்பும் ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு ஆபரேட்டர் தேவை என்று அழைத்திருந்தார்கள். ரேடியோ சிக்னல் கொடுத்தால் வருகிறேன் என்று அவர் சொன்னாராம். அதைக் கேட்ட ரேடியோ, பழி வாங்கத்தான் கூப்பிடுகிறார் என்று முதலில் நினைத்தான். நினைத்ததும் மனது சற்று லேசானது. அடித்தால் வாங்கிக்கொள்ளலாம்.

அவர் அடிக்கவில்லை. கொஞ்சம் இளைத்திருந்தார், விரல் நகங்களில் டயர் கறுப்பு போகவே இல்லை. "என்ன ரேடியோ, பேட்டரியெல்லாம் ஏத்தி வச்சிருக்கியா?" என்று கேட்டுவிட்டு ஏணியில் ஏறினார். அந்த வாரம் முழுக்க அவன் "இறக்கு" என்றால் இறக்கினார், "நிறுத்து" என்றால் நிறுத்தினார். வேறு ஆளை வைத்துச் சரிபார்க்கவில்லை, ஒரு விநாடி தயங்கவில்லை. டீ குடிக்கும்போது டயர் கடை முதலாளியைப் போலப் பேசிக் காட்டிச் சிரிக்க வைத்தார். பழையதைப் பற்றி ஒரு சொல் இல்லை. ரேடியோதான், அவர் மறந்துவிட்டாரா, மன்னித்துவிட்டாரா, இல்லை கழுத்தறுக்க நேரம் பார்க்கிறாரா என்று தெரியாமல் இருப்புக்கொள்ளாமல் தவித்தான். புதனும் வியாழனும் இரண்டு முறை, "அண்ணே, ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தான். இரண்டு முறையும், "இந்தப் பேட்டரி சரியில்லண்ணே" என்று முடித்தான்.

வெள்ளிக்கிழமை காலை ஆஸ்பத்திரியின் பெரிய ஜெனரேட்டரைப் பின்கட்டுக்குத் தூக்கி இறக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் துளிகூடத் தெரியாத இடம். பெரிய சுமை என்பதால் வேலை தொடங்குமுன் எல்லாரையும் வட்டமாக நிற்க வைத்துப் பேசினார்கள். பாதுகாப்பு அதிகாரியாகப் புதிதாக வந்திருந்த அம்மாள் எல்லார் பதிவு அட்டையையும் படித்துப் பார்ப்பவர். கிரேன்காரரின் அட்டையில் விரலை வைத்து நிறுத்தினார்.

"நிறுத்தச் சொல்லியும் நிறுத்தலைன்னு எழுதியிருக்கே. என்ன இது?"

"அப்படித்தான் எழுதியிருக்காங்க மேடம்" என்றார் கிரேன்காரர். கையுறையை மாட்டிக்கொண்டே சொன்னார், தலையைத் தூக்கவில்லை.

அதிகாரி ரேடியோவிடம் திரும்பினார். "அன்னைக்கும் நீங்கதானே சிக்னல்? உங்க கையெழுத்து இருக்கு. நீங்களே சொல்லுங்க, இவரை நம்பி இந்தச் சுமையைத் தூக்கலாமா?"

"தாராளமா நம்பலாம் மேடம்!" என்றான் ரேடியோ, சட்டென்று.

அழகான பதில். பொய்யில்லை, யாருக்கும் நஷ்டமில்லை. அதிகாரி தலையாட்டிவிட்டு அடுத்த தாளைப் புரட்டினார். கிரேன்காரர்தான் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பான். ஏளனமாகப் பார்த்திருந்தாலும் தாங்கியிருப்பான். பஞ்சர் ஒட்டிப் பஞ்சர் ஒட்டிச் சோர்ந்துபோன ஒரு மனிதர், "நன்றி தம்பி" என்கிற மாதிரி லேசாகத் தலையசைத்தார். தன் பொய்யால் குழியில் விழுந்தவரை, மேலே நின்று பெரிய மனசோடு கைதூக்கிவிடுகிறவனாகத் தன்னைப் பார்த்தான் ரேடியோ.

"மேடம்" என்றான். "அந்தக் குறிப்பு தப்பு."

"எது தப்பு?"

"நான் நிறுத்துன்னு சொல்லலை. இறக்கு இறக்குன்னு சொல்லிட்டே வேடிக்கை பார்த்துட்டு இருந்தேன். எல்லாம் முடிஞ்ச பிறகுதான் நிறுத்துன்னு கத்தினேன். இவர் நான் சொன்னதைத்தான் செஞ்சார். நான் எழுதிக் குடுத்தது பொய்."

சங்கிலி கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஓரமாக நின்ற ஸ்டோர் கம்பிக்காரர்தான் முதலில் வாய் திறந்தார். "அடப்பாவி! அப்போ இத்தனை நாளா என்கிட்ட நன்றி வாங்கிட்டா இருந்தே?" என்றார். தன் இடது காலைப் பார்த்துக்கொண்டார். காறித் துப்பிவிட்டு, நொண்டிக்கொண்டே ஸ்டோருக்குப் போனார்.

அதிகாரி கையை நீட்டினார். ரேடியோ வாக்கிடாக்கியைக் கொடுத்தான். ஹெல்மெட்டையும் கழற்றிக் கொடுத்தான். ஜெனரேட்டர் அன்று தரையைவிட்டு எழும்பவில்லை. சைட் என்ஜினீயர் குதி குதியென்று குதித்தார். "எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போங்க. விசாரணைக்குக் கூப்பிடுவோம். வேலை இருக்குமான்னு நான் சொல்ல முடியாது" என்றார் அதிகாரி.

தகரக் கூரை போட்ட ஆபீஸ் அறையில் உட்கார்ந்து எழுதினான். இரண்டு பக்கம் வந்தது. முடிக்கிற நேரத்தில் கிரேன்காரர் உள்ளே வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எதை வேடிக்கை பார்த்தே? ஒன்றரை வருஷமா எனக்கு அது ஒண்ணுதான் புரியலை."

"கேட்ல சண்டைண்ணே. லாரி டிரைவரும் வாட்ச்மேனும்."

"யாரு ஜெயிச்சா?"

ரேடியோ தலை நிமிர்ந்தான். அவர் நிஜமாகவே கேட்கிறாரா என்று தெரியவில்லை. "கடைசி வரைக்கும் பார்க்கலைண்ணே" என்றான்.

"அதையாவது உருப்படியாப் பார்த்திருக்கலாம்ல" என்றார். உதடு சிரிப்பது போலக் கோணியது, உடனே இறுகிவிட்டது. மேசையைப் படாரென்று அறைந்தார். பேனா உருண்டு கீழே விழுந்தது. "ஒன்றரை வருஷம்டா! பஞ்சர் ஒட்டும்போதெல்லாம் யோசிச்சேன். கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே, சரிடா, எனக்குக் கேட்கலைன்னு வச்சுக்கோன்னு. நீ கேட்கவே இல்லையே."

"மன்னிச்சிடுங்கண்ணே."

"மன்னிக்காமலா உன்னையே சிக்னலுக்குக் கேட்டேன்? வேற எவன் குரலை நம்பி நான் இறக்குறது? நடுவுல நாலு பேர் குரலை நினைச்சுப் பார்த்தேன், ஒண்ணும் ஒட்டலை." எழுந்தார். கதவருகே போய் நின்றார். "என் கணக்கு முடிஞ்சுது. ஆனா அவ உன் வாசல் வரைக்கும் வந்து நின்னா. திரும்பி வந்து என்கிட்ட ஒண்ணுமே பேசலை, முகமே மாறிப் போச்சு. நீ அவகிட்ட என்ன சொன்னேன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அதைப் போய் முதல்ல சரி பண்ணு. வீட்லதான் இருப்பா."

அவருக்குத் தெரியாதா? அண்ணி சொல்லவில்லையா? பிள்ளை தலையில் சத்தியம் செய்ததை அவள் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. நண்பகல் வெயிலில் நடந்து போகும்போது அதுதான் அவனை அரித்தது. வழியில் மகளின் பள்ளி வந்தது. சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தான். பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள், அவள் கண்ணில் படவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டால் சத்தியம் பொய் என்று ஊரறிய ஆகிவிடுமே, இத்தனை நாள் தூங்கிய சாபம் இப்போது விழித்துக்கொள்ளுமோ என்று ஒரு பைத்தியக்கார பயம் வந்தது. திரும்பிவிடலாமா என்று நின்றான். கால் அவனைக் கேட்காமல் நடந்தது.

அண்ணி தையல் மெஷினில் இருந்தாள். பதினெட்டு மாதமாக அந்த வீட்டை அந்த மெஷின்தான் பெரும்பாலும் ஓட்டியது. அறை முழுக்க வெட்டிய துணி. அவனை நிமிர்ந்து பார்த்தவள், ஓடிக்கொண்டிருந்த தையலை முடித்துவிட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அண்ணி, அன்னைக்கு நான் உங்ககிட்ட சொன்னது பொய். நான் முன்னாடி நிறுத்தச் சொல்லலை. இறக்குன்னுதான் சொன்னேன். இன்னைக்கு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். எழுதியும் குடுத்துட்டேன்."

"தெரியும் தம்பி."

"அண்ணன் போன் பண்ணினாரா?"

"இல்ல. அன்னைக்கே தெரியும். அவர் பொய் சொல்ல மாட்டார், அது எனக்குத் தெரியாதா? நீங்க பதறி, 'தப்பு பண்ணிட்டேன் அண்ணி'ன்னு சொல்லுவீங்கன்னு நினைச்சுதான் வந்தேன். நான் ஒரு மடச்சி. 'சத்தியமா?'ன்னு கேட்டுத் தொலைச்சேன்." அவள் குரல் உயர்ந்தது. "உங்கமேல எனக்குக் கோபம் இல்லைன்னு நினைக்காதீங்க. இந்த மெஷினை மிதிக்கிறப்பெல்லாம் உங்களைத் திட்டியிருக்கேன். இன்னைக்குக் காலையில கூடத் திட்டினேன்."

அவன் நின்றுகொண்டே இருந்தான்.

"ஆனா, நீங்க அந்தப் புள்ளை தலையில கை வச்சீங்களே. நான் தச்ச கவுனைப் போட்டுக்கிட்ட புள்ளை. வாயெல்லாம் பேஸ்ட் நுரையோட என்னைப் பார்த்துச் சிரிச்சா தம்பி. வீட்டுக்கு வந்து எனக்குச் சோறு இறங்கலை. இவர்கிட்ட சொன்னா இவரும் பயந்துடுவாருன்னு சொல்லலை. அன்னையிலிருந்து தினமும் காலையில ஜெபத்துல ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். ஆண்டவரே, அந்தச் சத்தியத்தைக் கேட்டவ நான். எனக்கு அது வேண்டாம். நான் அதைக் கேட்கவே இல்லைன்னு வச்சுக்கோ. அதைக் கணக்குல எடுக்காத. புள்ளையை ஒண்ணும் பண்ணிடாதன்னு. ஒரு நாள் விடலை தம்பி. காய்ச்சலா படுத்திருந்தப்பகூட விடலை."

அவன் ஒவ்வொரு நாளும் மகளின் நெற்றியில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நான்கு தெரு தள்ளி இந்த அறையில், அவன் ஏமாற்றிய ஒருத்தி அதே குழந்தைக்காக முழங்காலில் நின்றுகொண்டிருந்தாள். அவனைத் திட்டிக்கொண்டேதான். இது அவன் மூளைக்கு எட்டச் சற்று நேரம் ஆனது. எட்டியபோது வெட்டிய துணிகள் மேலேயே உட்கார்ந்துவிட்டான். அழுகை பொங்கி வந்தது. வாயால் பிழைத்தவன், அந்த வாயைக் கையால் பொத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதான்.

அண்ணி அவனைத் தேற்றவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டாள். அவன் அடியில் மாட்டியிருந்த துணியை மட்டும் மெல்ல இழுத்து எடுத்து மடித்து வைத்தாள். பிறகு கேட்டாள்.

"புள்ளை நல்லா இருக்காளா?"

அவன் தலையை ஆட்டினான்.

"தலையாட்டினா எப்படி? வாயைத் திறந்து சொல்லுங்க. ஒன்றரை வருஷமா யாரைக் கேட்கிறதுன்னு தெரியாம தவிச்சுட்டு இருக்கேன். நல்லா இருக்காளா?"

"நல்லா... இருக்கா அண்ணி." சொல் உடைந்து உடைந்து வந்தது. தன் சொல்லை இந்த வீட்டில் இனி யார் நம்புவார்கள் என்று அவனுக்கே தோன்றியது. கை தானாக நெஞ்சுக்குப் போனது. "ஆண்டவர் மேல—"

"கையைக் கீழ போடுங்க" என்றாள் அண்ணி. "நானும் சத்தியமான்னு கேட்க மாட்டேன், நீங்களும் பண்ணாதீங்க. சும்மா சொல்லுங்க தம்பி, நான் நம்பிக்கிறேன்."

அவன் கையைக் கீழே போட்டான்.

"நல்லா இருக்கா அண்ணி" என்றான்.